பால் காத்திருந்த காலம்

அம்மா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நாள், தேதி குறித்துவைப்பது என் பழக்கம் என்பதால், இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பை உறவினர்கள் என்னிடம் விட்டார்கள். முதல் வரியிலேயே தடுமாறினேன். சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்த அம்மாவுக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு தேதி. அவருடைய அக்காவான பெரியம்மாவின் நினைவில் அது மாசி மாதத்துப் பனி விடியல். பனி விடியலையே எடுத்துக்கொண்டேன்.

அப்பா இளம் வயதிலேயே காலமானார். பால்மரம் சீவி எங்கள் இருவரையும் வளர்த்த அம்மா, தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்க்கான செம்பனைக்கு மாறியபோது ஈப்போவுக்கு வந்து சிலிபின் பகுதியில் குடியேறினார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவி எங்களைப் படிக்கவைத்தார். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. கேலிக்கு மட்டும் குறைவில்லை.

தங்கை சாந்தி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஒருமுறை அங்கே முதலுதவிப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, நாள் முழுக்க ஒரு பொம்மையின் நெஞ்சை அமுக்கியதாகச் சொன்னாள். "பொம்மைய அமுக்குனதுக்கும் சம்பளம் உண்டா?" என்று அம்மா கேட்டார்.

தீபாவளி கழிந்த முதல் ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின், கூடத்தில் பேசிக்கொண்டிருந்த அம்மா பாதிப் பேச்சில் சாய்ந்தார். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. மூச்சும் இல்லை. நான் ஆம்புலன்சை அழைக்க, சாந்தி அம்மாவைத் தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கத் தொடங்கினாள். பயிற்சி மலாயில் நடந்ததால் எண்ணிக்கையும் மலாயிலேயே வந்தது. சத்து, டுவா, தீகா, அம்பாட்...

அடுக்களையிலிருந்து பெரியம்மா டம்ளரில் பாலோடு வந்தார். தன் தங்கை போய்விட்டார் என்றே நினைத்தார்; வாய் நனையாமல் அனுப்ப அவருக்கு மனமில்லை. கரண்டி அம்மாவின் உதட்டருகே போனது.

சாந்தி கையை எடுக்கவில்லை. "பால் வேணாம் பெரியம்மா, மூச்சுக்குழாயில போயிரும். அம்மா இன்னும் போகல லா."

"போயிட்டாடி கண்ணு."

"நான் எண்ணிக்கிட்டுதானே இருக்கேன். தள்ளி நில்லுங்க."

பெரியம்மா டம்ளரோடு சுவரோரம் நின்றார். மின்விசிறி சுற்றியது. வாசல் வெயில் மெல்ல உள்ளே நகர்ந்து அம்மாவின் பாதத்தைத் தொட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் கருவியோடு வந்து பொறுப்பேற்கும்வரை அந்த எண்ணிக்கை நிற்கவில்லை. அவர்கள் கையில்தான் இதயம் மறுபடி துடித்தது.

சில நாள் கழித்து மருத்துவமனைக் கட்டிலில் அம்மா சொன்னார்: "தோட்டத்துப் பெரட்டுக் களத்துல நின்னேன். ஒரே பனி. எல்லாரும் மரத்துக்குப் போயிட்டாங்க. நானும் போலாம்னு பாத்தா, பின்னாடி யாரோ மலாயில எண்ணுறாங்க. நம்ம கிராணி தமிழ்லதானே ஆள் எண்ணுவாரு, இது யாருன்னு திரும்புனேன். பாத்தா இவ. நெஞ்செலும்ப ஒடச்சிட்டு நிக்கிறா."

உடல் தேறியதும் பழைய தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்றார். கூட்டிப்போனோம். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இல்லை, செம்பனைகளுக்கு நடுவில் சிறு கோயில் மட்டும் இருந்தது. அன்றும் பனி. விடியுமுன் ஆள் கணக்கெடுத்த அந்தக் களம் இருந்த இடத்தில் அம்மா வெகுநேரம் நின்றார். "இங்கதான் நின்னேன்" என்றார். இளம்வயதைச் சொன்னாரா, அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த தீபாவளியையும் பொங்கலையும் பார்த்தார். மாசியில் தளர்ந்தார். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். சாந்தியின் கையைப் பிடித்து, "இந்தத் தடவ எண்ணாத, கண்ணு" என்றார் அம்மா.

கடைசிக் காலையில் பெரியம்மா பால் கொண்டுவந்தார். அம்மாவின் அருகில் போகாமல் டம்ளரைச் சாந்தியிடம் நீட்டினார். சாந்தி அம்மாவின் நெஞ்சைச் சற்றுநேரம் பார்த்திருந்தாள். பிறகு கரண்டியை எடுத்தாள்.

ஆம்புலன்சுக்கு வழிவிடத் தம் காரை நகர்த்திய பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவருக்கும், பெயர் சொல்லாமலே போய்விட்ட ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், தோள்கொடுத்த உற்றார் உறவினருக்கும் எங்கள் நன்றி. இரண்டு முறையும் பால் காய்ச்சிய பெரியம்மாவுக்கும், முதல் முறை அதை மறுத்து, இரண்டாம் முறை வரும்வரை அம்மாவை எங்களோடு வைத்திருந்த தங்கைக்கும் எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.