மதினி நீட்டிய கவர்

தாராவியில் எங்கள் வீட்டிலேயே, பணம் வைத்துக் கொடுக்கும் கவர்களைக் கையால் செய்து விற்கிறேன். அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதை செய்யக் கவர் வேண்டும் என்று மதினி போன் செய்தாள். பெண்ணுக்கு அத்தை நான், விலை பேசுவேனா? வந்த ஆர்டர்களைத் தள்ளிவைத்துவிட்டு, ஒவ்வொரு கவரிலும் காகித மல்லிகைச் சரம் ஒட்டினேன்.

செம்பூரில் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மதினிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதிலேயே ஒன்றை எடுத்துப் பணத்தை வைத்து என்னிடம் நீட்டினாள்.

"எதுக்கு மதினி இதெல்லாம்? கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துரட்டுமா?"

"இல்ல... அவங்க பெரிய இடம். நம்ம பக்கம் ஆள் குறைவா வந்தாப் போதும்னுட்டாங்க. தப்பா நினைக்காத."

அண்ணனைப் பார்த்தேன். அவன் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "வாங்கிக்கோ, உன் உழைப்புதானே" என்றான்.

கவரை மேஜையில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று வேறு யார் வீட்டு விசேஷத்துக்கோ கவர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் அதற்குப் பிறகு பேசவில்லை. கூலி கொடுத்துவிட்டால் உறவைக் கழித்துவிடலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அதுவரை தெரியவில்லை.