நான் பிடுங்கிக்கொண்ட கை

அண்ணனை டாக்டரம்மாவிடம் காட்டாமலேயே, காட்டிவிட்டதாக அம்மாவிடம் பொய் சொன்னேன். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பதின்மூன்று வயது. அவன் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவன். மூளை வளர்ச்சி குறைந்தவன். பேச்சு அதிகம் வராது. எங்காவது நோவெடுத்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக்கொள்வான்.

அன்று காலையிலிருந்தே தட்டைத் தள்ளிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தான். அப்பா மதுக்கரை சிமெண்ட் ஆலையில் ஷிப்டில் இருந்தார். அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். போத்தனூரில் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு அவனைக் கூட்டிப்போகும் வேலை எனக்கு வந்தது.

அங்கே பெஞ்சில் என் வகுப்புப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அண்ணன் என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு ஓலமிட்டான்.

"ஏன்டா, உங்கூட்ல மில்லுச் சங்கு வளக்கறீங்களா?" என்று கேட்டான் அந்தப் பையன்.

பெஞ்சே சிரித்தது. நான் கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அண்ணன் மறுபடி என் கையைத் தேடினான். இரண்டு கைகளையும் டவுசர் பைக்குள் விட்டுக்கொண்டேன். எங்கள் முறை வருவதற்குள் அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"டாக்டரம்மா என்ன கண்ணு சொன்னாங்க?"

"ஒன்னுமில்லீங்கம்மா. அவனுக்கு எப்பவும் இருக்கறதுதானாமா."

அம்மா நம்பினாள். அவனைப் பற்றி உறவுக்காரர்கள் எல்லோரும் சொல்வது அதைத்தான். நான் புதிதாக எதையும் இட்டுக்கட்ட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் அவன் உடம்பு கொதித்தது. கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பா ஓடிப்போய்ச் சொல்ல, டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார்.

"நேத்து ஒன்னுமில்லீனு நீங்கதானுங்க சொன்னீங்களாமா?" என்றாள் அம்மா.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதைப் பொறவு பேசிக்கலாமுங்க. மொதல்ல அவங்கிட்டக் கேக்கறேன்." பாயில் அவனருகே உட்கார்ந்து கையை நீட்டினார். "எங்க நோவுது சாமி?"

அவன் அந்தக் கையைப் பிடித்து வலது அடிவயிற்றில் வைத்தான். அவர் லேசாக அழுத்தி எடுத்ததும் துடித்துப்போனான்.

குடல்வால் வெடித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. பிழைப்பானா என்று கேட்டதற்கு, இரண்டு நாள் போகட்டும் என்றார்கள். வராந்தாவில் டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார். "நான் சொல்ல மாட்டேன். நீயே அம்மாகிட்டச் சொல்லிப்போடு."

சொன்னேன். அம்மா என்னைத் தொடவில்லை. "நீ சொன்னா, பெத்தவ நானும் நம்பிப்போட்டனே" என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள். பொய் சொன்னவனை விட்டுவிட்டுத் தன்னை ஏன் அடித்துக்கொள்கிறாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அண்ணன் பிழைத்தான். அதன்பின் ஒவ்வொரு முறையும் நானே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கைகளை மடியில் விரித்து வைத்து அவனை ஒட்டி உட்கார்ந்திருப்பேன். டாக்டரம்மா எப்போதும் முதலில் அவனிடம் கேட்பார், பிறகுதான் என்னிடம்.

அம்மாவும் இல்லை, டாக்டரம்மாவும் இல்லை. அண்ணன் இப்போது என்னோடு இருக்கிறான். நோவெடுத்தால் என் மனைவியின் கையைப் பிடிப்பான். பால்காரரின் கையைக்கூடப் பிடித்திருக்கிறான். போன மாதம் அவனுக்குப் பல்வலி. கன்னம் வீங்கியிருந்தது. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். கையை நீட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாசற்படியில் போய் உட்கார்ந்து, என் மகள் கல்லூரியிலிருந்து வரும்வரை காத்திருந்தான்.