எங்கள் சந்துக் கழிப்பிடம்

எங்கள் பகுதியில் எல்லாமே பக்கம். ரேஷன் கடை, மாவு மில், ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கூடம், மினி பஸ் நிற்கும் முனை எல்லாம் என் வீட்டுப் படியிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் முடிந்துவிடும். டவுனுக்கு நடுவே இருந்துகொண்டு டவுனுக்குள் போகாமலே காலம் தள்ளலாம். ஆள் முகம் பார்த்துப் பேசக் கூசுகிற எனக்கு அது பெரிய சௌகரியம். பட்டறையிலிருந்து வெள்ளி வளையங்கள் வீட்டுக்கே வரும். உட்கார்ந்த இடத்தில் கொலுசு கோத்துக் கொடுப்பேன். இந்தச் சந்தில் பாதி வீடுகளில் அதே வேலைதான்.

இல்லாதது ஒன்று. இருபத்திரண்டு லைன் வீடுகளில் ஒன்றிலும் கழிப்பறை கிடையாது. ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வீட்டில் அதற்கு இடம் ஏது? சந்தின் கோடியில் இருக்கும் பொதுக் கழிப்பிடம்தான் எல்லோருக்கும். அதனால் எங்களுக்குச் சில பழக்கங்கள் உண்டு. காலையில் வாளியை வரிசையில் வைத்துவிட்டு வந்து அடுப்பைப் பார்ப்போம். வாளியின் நிறத்தை வைத்தே யாருடைய முறை என்று தெரியும். வீட்டுக்கு வந்தவர்களை இன்னொரு டம்ளர் காப்பி குடிக்கச் சொல்லி வற்புறுத்த மாட்டோம்.

ஒரு மத்தியானம் வார்டு ஆபீசிலிருந்து ஒரு பெண் நோட்டுடன் கணக்கெடுக்க வந்தாள். அன்று ஓமலூரிலிருந்து மகளின் மாமியார் வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கம்மா, ஊட்டுக்குள்ளயே டாய்லெட் இருக்குதுங்களா?"

எனக்குக் காது சுட்டது. சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்த்தார். இரண்டு நிமிடத்துக்கு முன்புதான் பக்கத்து வீட்டுக்காரி "இருக்குதுங்க" என்று சொன்னது சுவர் வழியே கேட்டிருந்தது.

"இருக்குதுங்க" என்றேன். அந்தப் பெண் எட்டிப் பார்க்கவில்லை. நோட்டை நீட்டினாள், கையெழுத்துப் போட்டேன்.

சில மாதம் கழித்துக் கழிப்பிடத்தின் கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. எல்லா வீடுகளிலும் தனிக் கழிப்பறை இருப்பதால் இந்தக் கட்டடம் இடிக்கப்படும், ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தரலாம் என்று இருந்தது. லாரி ஷெட்டில் வேலை செய்யும் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. விடிவதற்குள் நாலு முறை எழுந்து போவார். அடுத்த கழிப்பிடம் மெயின் ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்குள் இருக்கிறது. கால் மரத்துப்போன மனிதர், லாரிகள் போகும் ரோட்டை இருட்டில் எப்படித் தாண்டுவார்?

குழாயடியில் அதே பேச்சு.

"நீங்க இருக்குதுன்னு சொன்னதக் கேட்டுத்தானுங்க்கா நானும் சொன்னேன்" என்று என்னிடம் சொன்னாள், என் வீட்டுக்கு மறுபக்கம் குடியிருக்கும் பெண்.

"எனக்கு முந்தின ஊட்டுல சொன்னாங்க. அவுங்க சொன்ன தோரணையப் பாத்து, நெசமாலுமே கட்டிட்டாங்களாக்கும்னு நெனச்சேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"இருபத்திரண்டு கக்கூசு கட்டிப்போட்டோம். ஒண்ணுகூடக் கண்ணுக்குத் தெரியமாட்டேங்குது!" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்தார்கள். பத்தாவது பாஸ் செய்தவள் நான்தான். மனு எழுத வேண்டியது என் வேலையானது.

எழுதுவது எனக்குச் சிரமமில்லை. ஆனால் ஆட்சேபம் கேட்க வார்டு ஆபீசார் பள்ளிக்கூடத்தில் கூட்டிய கூட்டத்தில் அதை நானே எழுந்து கொடுக்க வேண்டியிருந்தது. வந்திருந்த அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, பழைய நோட்டைப் புரட்டி என் பக்கம் திருப்பினார்.

"இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப இல்லேன்னு எழுதியிருக்கீங்க. இதுல எதும்மா பொய்?"

உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. வீட்டுக்காரர் பின்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்துதானுங்க பொய்" என்றேன். "சம்பந்தி உக்காந்திருந்தாங்க. வெக்கத்துல சொல்லிப்போட்டனுங்க. எங்க ஊட்டுல இல்லீங்க சார்."

"மத்தவங்க ஊட்டுல?"

குழாயடியில் அத்தனை பேசியவர்கள் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்தி மட்டும் பொய் சொன்னவளாக நின்றேன். ஒரு வீட்டுக்காக எந்தக் கட்டடத்தை விட்டுவைப்பார்கள்?

கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்தபடியே சொன்னாள்: "ஏனுங்க சார், அக்கா ஊட்டுல இல்லாதது எங்க ஊட்டுல மட்டும் எங்கிருந்துங்க வரும்? எல்லாம் ஒரே அளவு ஊடுதானுங்க. வேணும்னா டேப்பு வெச்சு அளந்து பாருங்க."

"அளக்கறது இருக்கட்டும். இல்லாதவங்க கதவு நம்பரப் போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

காகிதம் வரிசையாகப் போய் வந்தது. பதினேழு வீடுகள். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வீட்டார் போடவில்லை. இன்னும் மூன்று வீட்டார் கூட்டத்துக்கே வரவில்லை. அதிகாரி காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையோடு பத்து நாள் போனது. கொலுசு கோக்கும்போது வளையம் கை நழுவி விழும். சந்துக்குள் எந்த வண்டி நுழைந்தாலும் எழுந்து எட்டிப் பார்ப்பேன்.

பதினோராம் நாள் காலையில் ஒரு சின்ன டெம்போ வந்து கழிப்பிடத்தின் முன் நின்றது. இரண்டு பேர் சுத்தியலும் உளியுமாக இறங்கினார்கள். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். முன்பின் தெரியாத ஆண்களிடம் நானாகப் பேசியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"ஏனுங்க, இடிக்கறதுக்கா வந்திருக்கீங்க?"

"இல்லீங்கம்மா. உள்ள ரெண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் மாத்தச் சொன்னாங்க."

"அப்ப இடிக்க மாட்டாங்களா?"

"அது எங்களுக்குத் தெரியாதுங்க. புதுசாத் தாழ்ப்பாள் போட்டுட்டு ஒடனே இடிப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

அன்று குழாயில் தண்ணீர் வரும் நாள். குடங்கள் வைக்கும் சத்தம் கேட்டது. நான் போகவில்லை. இரண்டு கதவிலும் கடைசித் திருகாணி இறங்கி, அவர்கள் டெம்போவில் ஏறிச் சந்து முனையைத் தாண்டிப் போகும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.