தீர்ப்பு டெய்லர் கொடுத்த பேட்டி

செய்தி உண்மையா பொய்யா என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பக்கத்து ஆட்கள் டெய்லர் கடைக்குப் போவார்கள். தெரிய வேண்டாம் என்று நினைத்தவர்களும் போகத்தான் வேண்டியிருந்தது, ஏனென்றால் சட்டை கிழியாமல் இருக்காதே. மனுஷன் ஆள் அசையாமல் நிற்கிற நேரம் பார்த்துத்தான் ஆரம்பிப்பார். கழுத்தில் டேப்பைச் சுற்றி அளவெடுக்கும்போது எவன் ஓட முடியும்?

"நேத்து ராத்திரி அந்தச் சேனல்ல சொன்னானே, சுத்தப் புளுகு. நம்பாதீங்க."

"எப்படிண்ணே அடிச்சுச் சொல்றீங்க?"

"சொன்னவன் காலரைப் பாத்தீங்களா? ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது. தன் காலரையே சரிபாக்காதவன் செய்தியைச் சரிபாப்பானா?"

இதுதான் அவருடைய சாஸ்திரம். தோள்பட்டை இறங்கியிருந்தால் பாதி பொய். பட்டன் ஒன்று நிறம் மாறியிருந்தால் முக்கால் பொய். மழையில் குடையில்லாமல் நின்று கத்துகிற நிருபர் என்றால் பேச்சே வேண்டாம், டிவியை நிறுத்திவிடுவார். கோட்டுப் போட்டு, மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாகப் படிக்கிற ஆள் மட்டும் நூற்றுக்கு நூறு. கேலிக்கு யாரோ வைத்த பேர்தான் 'தீர்ப்பு டெய்லர்'. இவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, கடை போர்டிலேயே எழுதிவிடலாமா என்று பெயின்டரைக் கேட்டார்.

மூலையில் உட்கார்ந்து பட்டனுக்குக் காஜா எடுக்கிற அவர் மனைவிக்கு இதெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "அப்ப திருடன் நல்ல கோட்டு போட்டுட்டு வந்தா பீரோ சாவியை எடுத்துக் குடுத்துடுவீங்களா?" என்பாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உனக்கு உலக விஷயம் புரியாது" என்பார் டெய்லர்.

அவருக்குக் கர்வம் உச்சந்தலையில் ஏறிய கதை இன்னொன்று. பெரிய சேனல் ஒன்றிலிருந்து ஆள் வந்து ஒரு கோட்டு தைக்கக் கொடுத்தான். சாம்பல் நிறம், நல்ல துணி. சேனலில் இருக்கிறவர்களிலேயே பருமனான ஆளின் அளவுக்குத் தைக்கச் சொன்னான். ஒல்லியானவர் செய்தி வாசிக்கிற அன்றைக்கு முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்து வரிசையாகக் கிளிப்பு மாட்டிவிடுவார்களாம். கேமரா முதுகைக் காட்டாதாம். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும், பின்னால் துணி காயப்போட்ட கொடி மாதிரி இருக்கும். இதை டெய்லரே வருகிறவன் போகிறவனிடமெல்லாம் வாய் நிறையச் சொன்னார். சொன்னாரே தவிர, ஒரு நிமிஷம் யோசித்தாரா? எங்கே! அன்றிலிருந்து அந்தச் சேனல் சொன்னால் வேதவாக்கு.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சங்கதி வெடித்தது. டெய்லரின் தங்கையும் அவள் புருஷனும் இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி வைத்திருந்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொஞ்சம் பேருக்குத் திடீரென்று வாந்தி, வயிற்றுவலி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மத்தியானத்துக்குள் பெரிய சேனலில் சிவப்பு எழுத்து அலறியது: 'பிள்ளைகளின் உயிரோடு விளையாடிய பேக்கரி! பன்னில் விஷமா?' அந்தக் கேள்விக்குறி சாயங்காலம் காணாமல் போய்விட்டது.

தங்கை புருஷன் போனில் அழாத குறை. "மச்சான், டிவியைப் பாத்தீங்களா? அத்தனையும் பொய் மச்சான்."

"பாத்தேன் மாப்பிள்ளை" என்றார் டெய்லர், இழுத்தாற்போல. "ஆனா நாம தைச்ச கோட்டைப் போட்டுட்டுல்ல உக்காந்து சொல்றாரு. விசாரிக்காம சொல்லியிருக்க மாட்டாரே."

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டான். இவருக்கு உறைக்கவேயில்லை.

அடுத்த நாள் ஒரு சின்னப் பத்திரிகையிலிருந்து நிருபர் வந்தார். இஸ்திரி காணாத சட்டை, காலரில் நைந்த நூல் தொங்கியது. டெய்லர் முகம் அப்போதே சுருங்கிவிட்டது. "ஐயா, எல்லாப் பிள்ளைங்களும் பன் சாப்பிட்டாங்கன்னு சொல்றாங்களே, முதல்ல அதை யாரு சொன்னதுன்னு தெரியுமா?" என்று நிருபர் கேட்டார்.

"முதல்ல காலரை மாத்திட்டு வாப்பா, அப்புறம் கேள்வி கேளு" என்று விரட்டிவிட்டார் இவர். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பெரிய சேனல் வண்டி வாசலில் வந்து நின்றது. டெய்லருக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே ஓடி, ஒரு வாடிக்கையாளருக்குத் தைத்து வைத்திருந்த புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். மடிப்புக் கலையாத உடையில் ஒரு பெண் மைக்கை நீட்டினாள்.

"பேக்கரிக்காரர் உங்க தங்கச்சி புருஷன்தானே சார்? கடையைச் சுத்தமா வச்சிருப்பாரா?"

'வச்சிருப்பார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மாப்பிள்ளை மாவு பிசைகிற மேஜையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுகிறவன் என்று இவருக்குத் தெரியாதா? ஆனால் முகத்தில் விளக்கு அடித்தது, தெருவே கூடி நின்றது, வாய் சும்மா இருக்குமா? தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய் அல்லவா!

"சொந்தம்னு பாக்கக் கூடாது மேடம்" என்று தொண்டையைக் கனைத்தார். "உண்மைன்னா உண்மைதான். நீங்க விசாரிக்காமலா சொல்லுவீங்க? அவன் அவசரக்காரன், எங்கயாவது கவனம் தப்பியிருக்கும்."

சாயங்காலம் கோட்டுக்காரர் கம்பீரமாகப் படித்தார்: "பேக்கரி உரிமையாளரின் குற்றத்தை நெருங்கிய உறவினரே ஒப்புக்கொண்டார்." டெய்லர் முகம் வந்தது. "உண்மைன்னா உண்மைதான்" என்றது. மறுபடி வந்தது. மறுபடி அதையே சொன்னது. ஆட்கள் போய் பேக்கரிக் கண்ணாடியை உடைத்தார்கள். அதிகாரிகள் கதவுக்குச் சீல் வைத்தார்கள். மாப்பிள்ளையைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள்.

டெய்லர் முகத்தில் ஈயாடவில்லை. "நான் ஒப்புக்கவே இல்லையே! அவங்க சொன்னாங்கன்னுதானே நானும் சொன்னேன்!"

மனைவி ஊசியைக் கீழே வைத்தாள். "சேனல்காரன் யார்கிட்ட கேட்டான்? உங்ககிட்ட. நீங்க யார்கிட்ட கேட்டீங்க? சேனல்காரன்கிட்ட. நல்லா இருக்குங்க உங்க விசாரணை. நடுவுல உங்க தங்கச்சி குடும்பம் தெருவுக்கு வந்துடுச்சு."

சேனலுக்குப் போன் போட்டார். எடுத்தவன் ரொம்ப மரியாதையாகப் பேசினான். "சார், உங்க பேட்டி நல்லாப் போச்சு சார். எல்லாரும் திரும்பத் திரும்பப் பாக்கறாங்க. அடுத்த தடவையும் கூப்பிடறோம்" என்றான். மாற்றிப் போடுங்கள் என்று இவர் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டான்.

நைந்த காலர்க்காரர் மறுபடி வந்தார். அலைந்து திரிந்து விசாரித்திருந்தார். பன்னைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், பன் வாங்கித் தின்ற அக்கம்பக்கத்து வீடுகளில் ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னால் அதிகாரி மறுக்கிறார். "கேட்டா, அதான் உறவினரே ஒப்புக்கிட்டாரேன்னு உங்களைக் காட்டறாங்க. நீங்க நேர்ல பாத்தது என்னன்னு சொல்லுங்கய்யா. எழுதணும்."

டெய்லர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார், துணிக்கட்டைப் பார்த்தார். சொன்னால் ஊரே சிரிக்கும். இத்தனை வருஷம் சொன்ன தீர்ப்பெல்லாம் சந்தி சிரிக்கும். சொல்லாவிட்டால் தங்கை கடை திறக்காது. அங்கே வெட்ட வேண்டிய துணி ஒன்றும் இல்லாமலே கத்தரியைக் கையில் எடுத்து மறுபடி கீழே வைத்தார்.

"நான் ஒண்ணும் பாக்கல தம்பி. டிவியில சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன்."

"உங்களை எப்படிக் குறிப்பிடட்டும்?"

"தீர்ப்பு டெய்லர்னே போடு. அப்பதான் எல்லாருக்கும் தெரியும்."

போட்டார். ஊர் சிரித்தது. வயிறு வலிக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒரு அதிகாரிக்கு ரோஷம் வந்து தொட்டியைத் திறக்கச் சொல்ல, உள்ளே செத்து அழுகிய எலிகள் கிடந்தன. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தான், கடைக்கு வைத்த சீலை உடைத்தார்கள். பெரிய சேனல் இதைச் சொன்னதா என்றால், சொன்னது. சோப்பு விளம்பரம் ஓடும்போது அடியில் பொடி எழுத்தில் ஓடியது. கோட்டுக்காரர் வாயே திறக்கவில்லை.

டெய்லர் அந்தப் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனார். மானத்தை விட்டுச் சொல்லியிருக்கிறோமே, தங்கை கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று ஒரு நினைப்பு. அவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாம்மா? நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கான். ஆள் பாக்கத்தான் ஒரு மாதிரி. ஆனா நம்பலாம், யோக்கியன்."

"அவர் யோக்கியர்னு எனக்கு எப்பவோ தெரியும்ணா" என்றாள் தங்கை. "சீல் வைக்கிறதுக்கு முன்னாடியே வந்துட்டாரு. மாவு டப்பாவைத் திறந்து பாத்தாரு. தண்ணி எங்க பிடிக்கிறோம்னு பாத்தாரு. நான் அழுது முடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்து, அப்புறம் கேட்டாரு."

துடைத்த தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"ரெண்டு தெருதானே இருக்கு எங்க கடைக்கும் உன் கடைக்கும்? 'என்னம்மா நடந்துச்சு'ன்னு நீ ஒரு தடவை வந்து என்கிட்ட கேட்டியாண்ணா?"

டெய்லர் கக்கத்துப் பத்திரிகையை எடுத்து இன்னும் சின்னதாக மடித்தார். அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.