வெயிலில் கறுத்த குப்பி

லேபில் ராத்திரி வேலை பார்க்கிறவனுக்கு நோயாளி என்றால் முகம் கிடையாது; ஒரு சொட்டு ரத்தம், அரைக் குப்பி சிறுநீர், அதன்மேல் ஒட்டிய பிளாஸ்திரியில் ஒரு பெயர், அவ்வளவுதான். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடிப்படிக்குக் கீழே அப்படிப்பட்ட பெயர்களோடு இருபது வருஷம் உட்கார்ந்திருந்தேன். நான் படித்துவிட்டு வந்தவன் இல்லை, குப்பி கழுவ வந்தவன். லேபைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் துபாய்க்குப் போய்விட்டார். அன்றைக்கு மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை நான் எடுக்கவில்லை. அட்டை போன ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகமும் ஒரு அகராதியும்தான் என் காலேஜ். பகலில் ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் படுத்தும் தூக்கம் வராமல், எழுந்து தெருத்தெருவாய் நடக்கிற என் இனத்தார் யாராவது இதைப் படித்தால், பாதி சொல்லாமலே புரியும்.

பால்

முதலில் ஒரு சின்ன சங்கதி. டீக்கடைக்காரர் ஒருவர் வயிற்றுவலி என்று வந்து படுத்தார். ரத்தம் எடுத்து ட்யூபில் நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன்: கீழே சிவப்பு, மேலே பால். தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேர் என்று ஆவின் பால் மாதிரி நிற்கிறது. ட்யூபைச் சரியாகக் கழுவவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி எடுத்தேன். மறுபடி பால். மூன்றாம் முறை புது ட்யூப், புது ஊசி. அதே பால்.

புத்தகத்தில் தேடினால் இருந்தது. லட்சத்தில் ஒருவருக்கு ரத்தத்தில் கொழுப்பு அப்படி மிதக்குமாம், வயிற்றுவலியும் அதனால்தானாம். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்: காணாத வியாதி வந்து எதிரே நின்றால் எங்கள் ஆட்கள் முதலில் சந்தேகப்படுவது தங்கள் கையைத்தான், வியாதியைக் கடைசியில்தான். டீக்கடைக்காரரோ ட்யூபை விளக்கில் தூக்கிப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் அசரவில்லை. “முப்பது வருசமா பாலை ஆத்தினு கீறேன், கொஞ்சம் உள்ள பூந்துட்டிருக்கும். இன்னா இப்போ?”

காத்தாடிக்குக் கீழே

அலமேலு மலையில் கரியாலூருக்கும் மேலே ஒரு சிற்றூர்க்காரி. வயது இருபத்தாறு இருக்கும். புருஷன் கோவிந்தன் அவளைத் தோளில் சாத்திக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் இறக்கிக் கொண்டுவந்தான். தாங்க முடியாத வயிற்றுவலி. ஆனால் டாக்டர் அமுக்கிப் பார்த்தால் வயிறு பஞ்சு மாதிரி இருக்கிறது. குடல்வால் என்று வேறெங்கோ ஏற்கெனவே ஒருமுறை கிழித்துத் தைத்த தழும்பும் இருந்தது. ரத்தம் பார்த்தேன், சிறுநீர் பார்த்தேன். ‘நார்மல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வலி போன இடம் தெரியவில்லை. எழுந்து நடந்து பஸ் ஏறிப் போனாள். இரண்டு மாதத்தில் திரும்ப வந்தாள். திரும்ப நார்மல், திரும்ப குளுக்கோஸ். மூன்றாவது தடவை வந்தபோது ஆஸ்பத்திரியில் யாரும் அவசரப்படவில்லை. ராத்திரி நர்ஸ் விக்டோரியா அக்கா கல்மனசுக்காரி இல்லை, ஆனாலும் அன்றைக்கு என்னிடம் சலித்துக்கொண்டு சொன்னது இது: “வூட்ல வேலை ஜாஸ்தியா இருக்கும் தம்பி. இங்க வந்து ரெண்டு நாள் காத்தாடி கீழ படுத்துனு போவுது.”

அக்கா நிற்கும் இடம்

அந்த மூன்றாம் தடவைதான் ரத்தம் எடுக்க நானே வார்டுக்குப் போனேன். படுத்திருக்கிறவளுக்கு நாடி, மலை ஏறி ஓடி வந்தவளுக்கு மாதிரி அடித்தது. கட்டிலின் கால்பக்கத்தைப் பார்த்து ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் இல்லை.

கோவிந்தன் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் விவரம் சொன்னான். அவள் அக்கா இரண்டு வருஷத்துக்கு முன் இதே வலியில் செத்துப்போனாளாம். செத்து மூன்று மாதத்தில் தங்கச்சிக்கு வலி வந்ததாம். அக்காதான் இறங்கிப் போகாமல் பிடித்திருக்கிறாள் என்று மலைப் பூசாரி சொல்லிவிட்டார். ஒவ்வொரு அமாவாசைக்கும் அலமேலு மூன்று நாள் பட்டினி கிடக்க வேண்டும். மூன்றாம் நாள் வேப்பிலையும் செருப்பும் வைத்து அக்காவை விரட்டுவார்கள். விரட்டிய கையோடு வலி இன்னும் ஏறும். அப்புறம்தான் எங்களிடம் வருவார்கள். இந்தத் தடவை மட்டும் அமாவாசைக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டதாம்.

நான் ஊசியோடு திரும்பி வந்து கால்பக்கம் நின்றேன். அலமேலு என்னைப் பார்த்து, ஜுரம் இல்லாத, கோபம் இல்லாத சாதாரணக் குரலில் சொன்னாள்: “அங்க நிக்காதீங்க சார். அது எங்க அக்கா எடம்.”

வரிசை

அன்று நடுச்சாமத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. வலிப்புக்கு எல்லோரும் போடும் ஊசியை டாக்டர் போடச் சொன்னார். காலை, மாலை என்று தொடரவும் எழுதினார். வலிப்பு நின்றது. ஆனால் மறுநாள் அவளால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அதற்கும் மறுநாள் முழங்கை எழும்பவில்லை. ஊசி ஏற ஏற அவள் இறங்கிக்கொண்டே போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் குப்பி கழுவ வந்தவன் அதைப் போய் யாரிடம் சொல்வது?

மறுநாள் அமாவாசை. அன்று சாயங்காலம் கடைசி பஸ்ஸில் மேலே கொண்டுபோய்ப் பூசாரியிடம் பட்டினி போடப்போகிறேன் என்று கோவிந்தன் மூட்டை கட்டிவிட்டான். போனால் திரும்ப வரமாட்டாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. இரண்டு நாள் பொறுக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அவன் குரலே உயரவில்லை. “அவ அக்காளுக்கும் இப்டித்தான் சார். மொதல்ல கை, அப்புறம் காலு, அப்புறம் மூச்சு. நாங்க வரிசையப் பாத்தவங்க. மூச்சு நிக்கறதுன்னா வூட்ல நிக்கட்டும்.”

மதில்மேல் பாட்டில்

எங்கள் லேபில் ஒரு சட்டம் உண்டு. ராத்திரி வந்த சிறுநீரெல்லாம் விடிவதற்குள் கொட்டி, குப்பிகளை பிளீச்சிங் பவுடரில் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். காலையில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்தக் கூடாது என்று டாக்டர் போட்ட சட்டம். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் தவறியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று விடியற்காலையில் விக்டோரியா அக்கா கோவிந்தனிடம் இன்னொரு தடவை சிறுநீர் பிடித்து லேபில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். குப்பி கைக்கு அகப்படாமல் அவன் காலி டானிக் பாட்டில் ஒன்றில் பிடித்துக் கொண்டுவந்தான். நான் கதவைச் சாத்திவிட்டுக் கைகால் கழுவப் போயிருந்தேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நடுவே நிற்கக் கூச்சப்பட்டு, வெளியே மதில்மேல் வைத்துவிட்டு மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று நான் பத்து மணி வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமலிருந்த விக்டோரியா அக்கா மதில் பக்கமிருந்து முகம் வெளுத்து வந்தார். எவனோ ஆஸ்பத்திரி மதில்மேல் ரத்தம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றார். போய்ப் பார்த்தேன். நல்ல வெயில். பாட்டிலில் கறுஞ்சிவப்பாய், பழைய திராட்சை ரசம் மாதிரி ஏதோ நிற்கிறது. கோவிந்தனைக் கூப்பிட்டால் பாட்டிலை அடையாளம் சொன்னான், உள்ளே இருப்பதை அடையாளம் தெரியவில்லை என்றான். வைத்தபோது தண்ணீர் மாதிரி இருந்தது என்று மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் போனான். அதற்குள் விக்டோரியா அக்கா நாலடி பின்னால் போயிருந்தார். “தம்பி, நான் கழுத்துல சிலுவை போட்டவ. ஆனா அதை நான் தொட மாட்டேன்.”

கறுப்புக் காகிதம்

பயந்தவன் செய்கிற காரியம்தான் செய்தேன். திரும்பவும் செய்து பார்த்தேன். அலமேலுவிடமிருந்து புதிதாகக் கொஞ்சம் வாங்கி, இரண்டு பெனிசிலின் குப்பிகளில் சமமாக ஊற்றினேன். ஒன்றை எக்ஸ்ரே ஃபிலிம் சுற்றி வரும் கறுப்புக் காகிதத்தில் பொதிந்தேன். இரண்டையும் ஜன்னல் கட்டையில் வெயிலில் வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். ஒரு பகலை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வெறுங்குப்பி முதலில் டீத்தூள் தண்ணீர் நிறம் ஆனது. பிறகு செம்மண். மத்தியானம் இரண்டு மணிக்கு அதன் பின்னாலிருந்த ஜன்னல் கம்பி தெரியவில்லை. கறுப்புக் காகிதத்தைப் பிரித்தேன். உள்ளே தெளிந்த தண்ணீர். விடிவதற்குள் கொட்டிவிடுகிற எங்கள் லேபில் எந்தக் குப்பியும் வெயிலைப் பார்த்ததில்லை.

டாக்டரிடம் கொண்டுபோனேன். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு எதையோ கலந்துகொண்டு வந்திருக்கிறாய் என்றார். அவர் முன்னாலேயே செய்யச் சொன்னார். காமாலைக்குப் போட்டுப் பார்க்கும் திராவகத்தைச் சொட்டு விட்டதும் பழச்சிவப்பாய்க் கொதித்த மாதிரி மாறியது. குளோரோஃபார்ம் ஊற்றிக் குலுக்கியும் சிவப்பு கீழே இறங்காமல் மேலேயே நின்றது; காமாலையென்றால் இறங்கியிருக்கும். என் அட்டை போன புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து வைத்தேன். போர்ஃபிரியா என்று பெயர். வெயிலில் சிறுநீர் கறுப்பது, வயிற்றுவலி, இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு, கைகால் விழுவது, எல்லாம் வரிசையாக இருந்தது. பட்டினி கிடந்தால் ஏறும். சர்க்கரை கொடுத்தால் இறங்கும். வலிப்புக்கு நாங்கள் போட்டோமே, அந்த ஊசி இந்த வியாதிக்கு விஷம்.

டாக்டர் இரண்டு தடவை படித்தார். சீட்டில் மாலை ஊசியைக் கோடு போட்டு அடித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என்னிடம் என்றில்லாமல் சொன்னார்: “முப்பது வருஷத்துல இதை நான் பார்த்ததே இல்லைய்யா. இல்ல, பார்த்திருப்பேன். தெரிஞ்சிருக்காது.”

கடைசி பஸ்

இனிமேல் கோவிந்தன். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. டாக்டர் வார்டுக்கே வந்து சொன்னார், நான் சொன்னேன், விக்டோரியா அக்கா அழாத குறையாகச் சொன்னார். பட்டினி போட்டால் ராத்திரி தாங்காது என்றோம். அவனுக்கு எங்கள்மேல் நம்பிக்கை வர என்ன காரணம் இருக்கிறது? மூன்று தடவை ஒன்றுமில்லை என்று அனுப்பியவர்கள் நாங்கள். கடைசியில் இரண்டு குப்பிகளையும் அவன் கையில் கொடுத்தேன். ஒரே நேரத்தில் அவன் கண் முன்னாலேயே வாங்கியது. ஒன்று இருட்டில் இருந்தது, ஒன்று வெளிச்சத்தில். அவன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். வெளியே பஸ் ஹாரன் அடித்தது, பிறகு போனது. அவன் மூட்டையை அவிழ்க்கவில்லை, ஆனால் எடுக்கவும் இல்லை.

பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏறியது. விடிந்ததும் பாண்டிச்சேரிக்கு அனுப்பினோம். அங்கேயும் அதே பெயரைச் சொன்னார்கள். அடியோடு போக்க மருந்தில்லை. எதெது சாப்பிடக் கூடாது என்று மாத்திரைப் பட்டியல் ஒன்று, வேளாவேளைக்குச் சோறு, இவ்வளவுதான் வைத்தியம். வேனில் ஏற்றும்போது கோவிந்தன் என்னிடம் கேட்டான்: “வெரதம் இருந்தா சாவறா, சோறு போட்டா பொழைக்கிறா. இன்னா நோவு சார் இது?”

முகம்

நாலைந்து மாதம் கழித்து ஒரு காலையில் அலமேலு தானே நடந்து வந்தாள். கை கொஞ்சம் மெலிந்திருந்தது, அவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில் அந்த முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இது வம்சத்தில் ஓடும் வியாதி என்று பாண்டிச்சேரியில் சொன்னார்களாம். அப்படியென்றால் அவள் அக்காவுக்கு வந்ததும் இதேதானா என்று என்னைக் கேட்டாள். அக்காவும் ஒரு ராத்திரி நம் ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தாள் என்றாள்.

பழைய நோட்டைத் தேடினேன். இருந்தது. என் கையெழுத்து. சிறுநீர்: நார்மல். மறைக்காமல் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது, படித்துச் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நோட்டில் அக்கா பெயர் இருக்கும் இடம் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டாள். “அப்போ எங்க அக்கா என்னைப் புடிக்கவே இல்லீங்களா சார்? ரெண்டு வருசமா செருப்பால அடிச்சித் தொரத்திக்கினு இருந்தமே. அவ எங்க போயி நின்னாளோ.”

பூசாரியாவது அவளுக்கு ஏதோ இருக்கிறது என்று நம்பினார். ஒன்றுமே இல்லை என்று அக்கா தங்கை இருவருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிப்பாளி நான்தான்.