தொங்க மறுத்த கை

நான் திருநெல்வேலி – பாபநாசம் தடத்தில் பஸ் ஓட்டுகிறவன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் காலையில் காக்கிச் சட்டையைப் போடும்போது என் வலது கை பாதி ஏறியதும் நின்றுவிட்டது. தோள்பட்டையில் யாரோ உள்ளே தாழ்ப்பாள் போட்டது மாதிரி இருந்தது. என் மனைவி வீட்டிலேயே மிஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவள். பற்களுக்கிடையில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு வந்து சட்டையை மாட்டிவிட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புத மாதிரி இருக்கு" என்று சிரிப்பு வேறு.

அன்றைக்கு டியூட்டிக்குப் போகவில்லை. டாக்டர் தோளை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்து, கொஞ்ச நாள் லீவு போடச் சொல்லி, பாளையங்கோட்டையில் ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். "எங்க வலிக்கி அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"கை முழுக்கத்தாம்மா."

"கை முழுக்க வலிக்காது. பைய யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். எனக்கே தெரியவில்லை. பஸ்ஸில் எந்த நட்டு லூஸ் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். என் உடம்பில் எங்கே வலி என்று சொல்லத் தெரியவில்லை. அவள் என் முதுகில் விரல்களை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தாள். தோள்பட்டை எலும்புக்கு ஓரமாக ஓரிடத்தில் விரல் நின்றதும் "ஆத்தாடி!" என்று கத்திவிட்டேன். அங்கே அப்படியொரு இடம் இருப்பதே அப்போதுதான் தெரியும்.

அப்புறம் என்னை மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். என் வலது கையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, "இதோட பாரத்தை அப்படியே என்கிட்ட விட்டுருங்க" என்றாள்.

"விட்டுட்டேன்மா."

"முழுசா?"

"முழுசா விட்டாச்சு."

அவள் தன் கைகளை எடுத்துக்கொண்டாள். என் கை அந்தரத்திலேயே நின்றது. யாரும் பிடிக்காமல், லெவல் கிராசிங்கில் மறித்த கட்டை மாதிரி! இரண்டு பேரும் அதையே பார்த்தோம். எனக்கு முதலில் வெட்கம், பிறகு அடக்க முடியாத சிரிப்பு. "இப்பவும் வண்டிதான் ஓட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி நம்பவில்லை. பாயில் படுக்கவைத்து அவளே செய்து பார்த்தாள். கை நின்றது. மகள் வந்து பார்த்தாள். அப்போதும் நின்றது. சிரித்து ஓய்ந்த பிறகு, "நீ படுட்டி, பாப்போம்" என்றேன். மனைவி அலட்சியமாகப் படுத்தாள். அவள் கையை ஏந்திவிட்டு நான் விலகியதும் அது என் கையைவிட விறைப்பாக நின்றது. மகள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சி, சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஊரவிட்டுக் கையை மேலே கொண்டுபோவது. எட்டும் இடத்தில் மனைவி தையல் சாக்குக்கட்டியால் கோடு போடுவாள். கோட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எம்புவேன். கை இன்னும் இறுகும். மறுமுறை போனபோது பிசியோ பெண் கண்டித்தாள். "மூச்சை விட்டுக்கிட்டே போங்க. எங்க இழுக்குதோ அங்கன கொஞ்சம் நில்லுங்க. அது விட்டுக்கொடுத்தா மேல போங்க." அதற்குப் பிறகு கோடு தானாகவே ஏறியது.

மனைவியையும் ஒருநாள் கூட்டிவரச் சொன்னாள். வீட்டில் மனைவி எண்ணெய் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தால் என் சத்தம் தெருக்கோடிவரை கேட்கும், அந்த மாதிரிப் பிடி அவளுக்கு. "அழுத்த வேண்டாம்க்கா, கைய வெறுமனே வைங்க. சூடு போகட்டும்" என்று அந்தப் பெண் சொன்னாள். மனைவி சந்தேகத்தோடு என் தோளில் உள்ளங்கையை வைத்தாள். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு என் தோள் காதுப்பக்கமிருந்து மெல்லக் கீழே இறங்குவது எனக்கே தெரிந்தது. இத்தனை வருஷமும் அதைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்!

டியூட்டிக்குத் திரும்பிய பிறகும் பயிற்சியை விடவில்லை. பாபநாசத்தில் வண்டி நிற்கும் நேரத்தில் பஸ்ஸின் பின்பக்கத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னுக்கு வைத்து உடம்பை நீட்டுவேன். என் கண்டக்டர், "என்ன வே, வண்டியத் தள்ளுதீரா?" என்பார்.

ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு அப்படி நின்றபோது பக்கத்தில் யாரோ முக்கும் சத்தம் கேட்டது. பார்த்தால், வயசான பயணி ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தார். "பேட்டரி போயிட்டோ?" என்றார் அக்கறையாக. விஷயத்தைச் சொன்னதும், "அட, எனக்கும் இடுப்பு பிடிச்சுக்கிட்டுதான் கெடக்கு" என்று கையை எடுக்காமலே காலை மட்டும் பின்னுக்கு வைத்தார். அம்பாசமுத்திரம் போகிறவரை கண்டக்டர் சிரித்துச் சிரித்து டிக்கெட் கொடுத்தார்.

மனைவிதான் மசியவில்லை. தைத்து முடித்து எழுந்தால் கழுத்தைத் திருப்பமாட்டாள், தாடை இறுகியிருக்கும். பிடித்துவிடட்டுமா என்றால், "பிள்ளை இருக்கா, சும்மா இருங்க" என்பாள்.

போன மாசம் ஒரு சாயங்காலம், யாரோ ஒருத்தியின் ஜாக்கெட் அளவு பற்றிய புகாரை வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலிக்குப் பின்னால் போய் அவள் பிடரியில் உள்ளங்கையை வைத்துச் சும்மா நின்றேன். தட்டிவிடவில்லை. பேச்சு மெதுவானது. "கை உயரம் நான் சரியாத்தான்..." என்றவள் அதோடு நிறுத்திவிட்டாள். வாய் லேசாகத் திறந்தது. தலை முழுப் பாரத்தோடு என் கையில் சாய்ந்தது. இவ்வளவு கனமா என்று இருந்தது.

அடுப்பில் குக்கர் விசில் அடிக்க ஆரம்பித்தது. மகளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் பூனை மாதிரி நடந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு, எனக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.