கம்ப்யூட்டருக்குச் சீல் உண்டா?

வரி ஆலோசகர் என்பவர், அரசாங்கம் போடும் முடிச்சுகளைக் கூலி வாங்கிக்கொண்டு அவிழ்ப்பவர். இரண்டாயிரங்களின் கடைசியில், வருமான வரிக் கணக்கைக் கம்ப்யூட்டரிலேயே அனுப்பலாம் என்று ஒரு புது முடிச்சு விழுந்தது. திருவண்ணாமலையில் அதை அவிழ்க்க உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். வரி கட்டுவதற்கே வரிசையில் நின்று வாடிய அன்பர்களே, என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்கள்.

பாடம் நடத்திய கதை

சொந்தத் தொழில்காரர்களையும் வீடு வாடகைக்கு விட்டவர்களையும் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டிப் புது முறையை விளக்கினேன். படித்த தோஷம், சீன தேசத்தில் காகிதம் பிறந்ததிலிருந்து ஆரம்பித்து, "இனி காகிதமே கிடையாது" என்று முடித்தேன். அதற்குள் லாட்ஜ்காரர்கள் பாதிப் பேர், பௌர்ணமிக்கு ரூம் கழுவ வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்கள்.

மிச்சமிருந்தவர்களில் கஸ்தூரியம்மா ஒருவர். தேரடிப் பக்கம் தையல் கடை, வேங்கிக்காலில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு. மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வங்கிக் கடன் வந்தால்தான் சேர்க்க முடியும். கடனுக்கு அம்மாவின் வரிக் கணக்கு வேண்டும். சேர வேண்டிய தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து, நான் கொடுத்திருந்த விளக்கத் தாள்களை உயர்த்திக் காட்டினார்.

"காகிதமே இல்லைன்னு சொல்றதுக்கு அஞ்சு காகிதம் குடுத்துகிறீங்களே, இதை இன்னா சார் பண்றது?"

சுற்றும் வட்டம்

ஜூலைக் கடைசி, கணக்கு அனுப்பக் கெடு முடியும் நேரம். நாட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே வாசலில் முட்டினால் எந்த வாசல் திறக்கும்? பிரௌசிங் சென்டரில் கஸ்தூரியம்மாவும் நானும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கணக்கு முழுவதையும் தட்டி முடித்த நேரத்தில் கரண்ட் போயிற்று. மறுபடி முதலிலிருந்து தட்டினேன், மறுபடி வட்டம். வரியை வாங்கிக்கொள்ளக் கூட நேரமில்லாத அரசாங்கத்தை நான் வாய்விட்டுத் திட்டினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்:

"மலையைச் சுத்துற ஜனமாவது விடிஞ்சா ஊர் போய்ச் சேருது, இது சுத்திக்கினே கீதே சார்!"

மஞ்சள் பட்ட பார்கோடு

ஒருவழியாகக் கணக்கு போய்ச் சேர்ந்தது. உடனே அந்த இயந்திரம் இட்ட கட்டளை: ஒப்புகைச் சீட்டை அச்சடி, நீல மையில் கையெழுத்துப் போடு, பெங்களூர் வரி ஆபீசுக்குச் சாதாரணத் தபாலில் அனுப்பு. ரிஜிஸ்டர் கூடாது, கூரியர் கூடாது, அடியிலிருக்கும் பார்கோட்டின் மேல் ஒரு துளி கறை கூடாது. மின்னல் வேகத்தில் போன கணக்கு, தபால்காரர் சைக்கிளுக்காகக் காத்திருக்க வேண்டுமாம்!

நான் கவரில் விலாசம் எழுதித் திரும்புவதற்குள், கஸ்தூரியம்மா கோயில் மஞ்சளைக் குழைத்து ஒப்புகையின் நான்கு மூலையிலும் வைத்துவிட்டார். ஒரு பொட்டு சரியாகப் பார்கோட்டின் மேல். வேறு அச்சடித்தேன். அவருக்குக் கோபம்.

"மஞ்சள் வச்சா ஏத்துக்க மாட்டேன்னு சொல்ற கவர்மெண்ட்டை இப்பத்தான் சார் பாக்குறேன்."

வட்டமாக ஒன்று

ஒப்புகையின் நகலோடு கஸ்தூரியம்மா வங்கிக்குப் போனார். "வருமான வரி ஆபீஸ் சீல் எங்கே?" என்றார் மேனேஜர். கம்ப்யூட்டரில் போட்டதற்குச் சீல் கிடையாது என்று நானே நேரில் போய் விதியைப் படித்துக் காட்டினேன். "விதி உங்களுக்கு, சீல் எங்களுக்கு" என்றார். வரி ஆபீசுக்கு ஓடினோம். கம்ப்யூட்டரில் வந்ததற்கு நாங்கள் எப்படிச் சீல் போடுவது என்று அவர்கள் கையை விரித்தார்கள். கல்லூரிக்கு இன்னும் ஒரே நாள். வெளியே வந்ததும் கஸ்தூரியம்மா அழுதுவிட்டார். "நீங்க புதுசு புதுசுன்னீங்க சார். பழைய மாதிரியே போட்டிருந்தா என் பொண்ணு இந்நேரம் காலேஜ்ல இருந்திருக்கும்."

பெங்களூர்க் கவரையாவது போடுவோம் என்று தபால் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். அனுப்பியதற்கு அத்தாட்சி கேட்டதும், கவுன்ட்டரில் இருந்தவர் ஒரு துண்டுச் சீட்டில் விலாசம் எழுதச் சொல்லி, தபால்தலை ஒட்டி, அதன்மேல் டமாரென்று வட்டமாக ஒரு முத்திரை குத்திக் கொடுத்தார். எனக்குள் குறும்பு விழித்தது. அந்தச் சீட்டை நகலின் தலையில் குண்டூசியால் குத்தி, கஸ்தூரியம்மாவிடம் கொடுத்து வங்கிக்கு அனுப்பினேன். மேனேஜர் ஒரு எழுத்தும் படிக்கவில்லையாம். வட்டத்தைப் பார்த்தார், கடனில் கையெழுத்துப் போட்டார், கூடவே ஒரு கேள்வியும் கேட்டாராம்:

"இதைத்தானேம்மா முதல்லயே கேட்டேன், அந்த ஆளு எதுக்கு அவ்ளோ நேரம் விதி படிச்சாரு?"

ஆக, அரசாங்கம் அவ்வளவு செலவழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் முறைக்கு எங்கள் ஊரில் ஜாமீன் நின்றது, தபால் ஆபீசின் மரப்பிடி போட்ட ஒரு பழைய சீல்தான்.